முப்பது படமும் ஒரு மின்னலும்

சென்ற ஆண்டு எங்கள் கல்லூரி ஆண்டு விழாவில், மாலை இருட்டிய பின் மாணவர்கள் மேடையில் சிலம்பம் ஆடினார்கள். இரண்டாம் ஆண்டு இயற்பியல் மாணவன் ஒருவன் புதிதாக வாங்கிய டிஜிட்டல் கேமராவுடன் முதல் வரிசையில் நின்றான். விநாடிக்குப் பத்துப் படம் எடுக்கக் கூடிய கேமரா அது. மேலே பெரிய பிளாஷ் விளக்கு ஒன்றையும் பொருத்தியிருந்தான். கழி சுழலத் தொடங்கியதும் பொத்தானை அழுத்தி மூன்று விநாடி விடாமல் பிடித்துக்கொண்டான். முப்பது படங்கள் பதிவாயின.

மறுநாள் காலை முகம் வாடி என் அறைக்கு வந்தான். முதற்படம் பளிச்சென்று இருந்தது. அடுத்த படம் கறுப்பு. அதற்கடுத்ததும் கறுப்பு. இப்படியே இருபதுக்கு மேல் போய், கடைசிக்கு அருகில் ஒன்றில் மட்டும் சிலம்பக்காரரின் உருவம் மங்கலாகத் தெரிந்தது.

"சார், பிளாஷ் ரிப்பேரா? கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?" என்று கேட்டான்.

கடைக்காரர் ஏமாற்றவில்லை. பிளாஷும் பழுதாகவில்லை. கேமரா விநாடிக்குப் பத்துப் படம் கேட்டது; விளக்கால் மூன்று விநாடிக்கு ஒரு முழு மின்னல்தான் தர முடிந்தது. இந்த இடைவெளி நேற்று உண்டானதன்று. செயற்கை ஒளியில் படம் பிடிக்கும் கலை தோன்றிய நாள் முதல் இருந்து வருவது. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக அறிவியலாரும் படக்காரர்களும் அதனுடன் போராடிய கதையைச் சற்றுப் பார்ப்போம். கதையின் முடிவில் அந்த மாணவனுக்கு நான் சொன்ன விடையும் கிடைக்கும்.

ஜாடியில் சேமித்த மின்னல்

1745, 1746ஆம் ஆண்டுகளில் ஜெர்மனியில் கிளைஸ்ட் என்பவரும், ஹாலந்து நாட்டின் லேடன் நகரில் மூசென்புரூக் என்பவரும் தனித்தனியே ஒரு கருவியைக் கண்டார்கள். கண்ணாடி ஜாடியின் உள்ளும் புறமும் மின்கடத்தியை அமைத்தால், அதில் மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கலாம். இதுவே லேடன் ஜாடி. இன்று நாம் மின்தேக்கி என்று வழங்குவதன் மூதாதை இது. சிறுகச் சிறுகச் சேர்த்த மின்னூட்டம் ஒரே கணத்தில் பொறியாகப் பாயும். குழாயில் சொட்டுச் சொட்டாக விழும் நீரைக் குடத்தில் நிரப்பி, பின்னர் ஒரே வீச்சில் கவிழ்ப்பது போன்றது இது.

இந்தப் பொறியின் ஒளியைப் படம் பிடிக்கப் பயன்படுத்தியவர் இங்கிலாந்தின் ஃபாக்ஸ் டால்பட். ஒளிப்படக் கலையை உருவாக்கியவர்களுள் ஒருவர் அவர். 1851 ஜூனில், லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில், டைம்ஸ் நாளிதழின் தாள் ஒன்றைச் சுழலும் வட்டில் ஒட்டினார். வட்டு வேகமாகச் சுழன்றது. அறையை இருட்டாக்கி, கேமராவைத் திறந்து வைத்து, லேடன் ஜாடிகளின் தொகுதியிலிருந்து ஒரு பொறியைப் பாயவிட்டார். கழுவிப் பார்த்தபோது, சுழன்றுகொண்டிருந்த தாளின் எழுத்துகளைப் படிக்க முடிந்தது!

இதில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். இயக்கத்தை நிறுத்திக் காட்டியது கேமரா அன்று, ஒளிதான். இருட்டில் கேமரா எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் கவலையில்லை. ஒளி இருந்த கணம் மட்டுமே படமாகிறது. ஆனால் டால்பட்டுக்குக் கிடைத்தது ஒரே ஒரு படம். அடுத்த படம் வேண்டுமானால் ஜாடிகளை மறுபடி மின்னூட்ட வேண்டும். மாணவனின் குறை 1851இலேயே தொடங்கிவிட்டது என்று சொல்லலாம்.

தூளும் குமிழும்

மின்பொறி ஆய்வுக்கூடத்தைத் தாண்டி வர நீண்ட காலம் பிடித்தது. அதற்குள் வேதியியல் முந்திக்கொண்டது. மக்னீசியம் எரியும்போது கண் கூசும் வெண்மை ஒளி தரும் என்பதை நீங்கள் பள்ளி ஆய்வகத்திலேயே கண்டிருப்பீர்கள். 1864 முதல் மக்னீசியக் கம்பி விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டு பியாஸி ஸ்மித் என்ற வானியலார் எகிப்தின் பெரிய பிரமிடுக்குள் அதை எரித்துப் படம் எடுத்தார்.

1887இல் ஜெர்மனியின் கேடிக்கே, மீத்தே என்னும் இருவர் மக்னீசியத் தூளைப் பொட்டாசியம் குளோரேட் போன்ற ஆக்சிஜன் தரும் பொருள்களுடன் கலந்து 'மின்னல் தூள்' ஒன்றைச் செய்தார்கள். பற்றவைத்தால் ஒரு கணத்தில் முழுதும் எரிந்துவிடும். நியூயார்க் நகரச் சேரிகளின் இருண்ட அறைகளில் மக்கள் எப்படி நெருக்கியடித்து வாழ்ந்தார்கள் என்பதை நாட்டுக்குக் காட்ட ஜேக்கப் ரீஸ் என்ற செய்தியாளர் இத்தூளையே நம்பினார். அவருடைய புகழ்பெற்ற நூல் 1890இல் வெளிவந்தது. படமெடுக்கும் முயற்சியில் இருமுறை வீட்டுக்கும் ஒருமுறை தமக்குமே தீ வைத்துக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். இது வெடிமருந்துக்கு உறவான கலவை. ஈரமும் உராய்வும் பொறியும் சேர்ந்து பல படக்காரர்களின் விரல்களையும் பார்வையையும் பறித்தன. ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் அறை முழுதும் வெண்புகை சூழும். இரண்டாவது படம் புகை விலகிய பின்தான்.

1929இல் ஜெர்மனியில் பிளாஷ் குமிழ் விற்பனைக்கு வந்தது. ஆக்சிஜன் நிரப்பிய கண்ணாடிக் குமிழுக்குள் மெல்லிய அலுமினியத் தகடு. சிறு மின்கலத்தால் பற்றிக்கொள்ளும். புகை இல்லை, தீ ஆபத்தும் மிகக் குறைவு. ஆனால் ஒரு குமிழுக்கு ஒரு படம்தான்! பத்திரிகைப் படக்காரர்கள் சட்டைப் பைகளில் குமிழ்களை நிரப்பிக்கொண்டு, சுட்டெரிக்கும் பழைய குமிழைக் கழற்றிப் புதியதைச் செருகிக்கொண்டு ஓடினார்கள். 1965இல் கோடக் கேமராக்களுடன் வந்த 'பிளாஷ் கியூப்' நான்கு முகங்களில் நான்கு குமிழ்களைக் கொண்டது. பிலிமைச் சுற்றும்போது அது கால் சுற்றுத் திரும்பும். தொடர்ந்து நான்கு படம் எடுக்கலாம் என்பதே அன்று பெரிய சலுகை.

வேதி ஒளியின் குறை இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். எரிந்த மக்னீசியம் எரிந்ததுதான். அதை மறுபடி நிரப்ப முடியாது. தொடர்ந்து மின்ன வேண்டுமானால் மறுபடி மறுபடி நிரம்பும் பாத்திரம் வேண்டும். ஆகவே, நாம் மீண்டும் லேடன் ஜாடியிடம் செல்ல வேண்டியிருக்கிறது.

விநாடிக்கு ஆயிரம் பொறிகள்

பாரிஸ் நகரின் மாரே ஆய்வகத்தில் லூசியன் புல் என்பவர் பணியாற்றினார். ஈ, தும்பி முதலியவை சிறகடிப்பதைத் தொடர்படமாக்குவது அவர் நோக்கம். ஈயின் சிறகு விநாடிக்கு இருநூறு முறை போல அடிப்பது. திரைப்படக் கேமரா அன்று விநாடிக்குச் சில பத்துப் படங்களே எடுத்தது. 1904 அளவில் புல் அமைத்த கருவியில் ஷட்டரே இல்லை. இருட்டுப் பெட்டியில் சுழலும் உருளைமேல் பிலிம் சுற்றப்பட்டிருந்தது. உருளையோடு இணைந்து மின்பொறிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாய்ந்தன, விநாடிக்கு ஆயிரத்துக்கும் மேலாக! ஒவ்வொரு பொறிக்கும் பிலிமில் ஒரு படம். தும்பியின் சிறகு ஒவ்வொரு நிலையிலும் எப்படி வளைகிறது என்பதை மனிதன் கண்டான்.

டால்பட்டுக்கு ஒரு பொறிக்கே அவ்வளவு பாடு. புல்லுக்கு ஆயிரம் பொறி எப்படிக் கிடைத்தது? புல்லின் ஒவ்வொரு பொறியும் மிகச் சிறியது. பூச்சி பொறிக்கு மிக அருகில், பொறிக்கும் பிலிமுக்கும் நடுவில் பறந்தது; அதன் நிழலுருவே பதிவாயிற்று. தேவையான ஒளி மிகக் குறைவு. எனவே ஒவ்வொரு பொறிக்கும் சிறிதே ஆற்றல் போதும். சிறிதாக இருந்ததால் அடிக்கடி நிரப்ப முடிந்தது. இந்தக் குறிப்பை மனத்தில் வையுங்கள்.

எட்ஜர்ட்டனின் இரு கருவிகள்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஹெரால்டு எட்ஜர்ட்டன் மின்மோட்டார்களை ஆராய்ந்து 1931இல் டாக்டர் பட்டம் பெற்றார். வேகமாகச் சுழலும் மோட்டாரின் உட்பகுதியைக் கண்ணால் காண்பதெப்படி? சுழற்சியின் வேகத்துக்கே இணையாக விளக்கு விட்டுவிட்டு மின்னினால், மோட்டார் அசையாமல் நிற்பதுபோல் தோன்றும். இதற்காக அவர் வாயுக் குழல் விளக்கையும் மின்தேக்கியையும் இணைத்து ஸ்ட்ரோபோஸ்கோப்பை உருவாக்கினார். பின்னர் மோட்டாரை விட்டுப் பால் துளி, துப்பாக்கிக் குண்டு, ஹம்மிங் பறவை என்று கண்ணில் பட்ட வேகங்களையெல்லாம் படமாக்கினார். 1938இல் டென்ஸ்மோர் ஷூட் என்ற கோல்ஃப் ஆட்டக்காரர் மட்டையை வீசுவதை ஒரே படத்தில் பல நிலைகளில் பதித்தார். மட்டையின் பாதை அதில் விசிறிபோல் விரிந்து கிடக்கிறது. நம் மாணவன் எடுக்க ஆசைப்பட்ட படம் ஏறக்குறைய அதுதான்.

அதே எட்ஜர்ட்டன் இரண்டாம் உலகப் போரில் வேறொன்றையும் செய்தார். இரவில் விமானத்திலிருந்து தரையைப் படம் பிடிக்க வேண்டும். மேலிருந்து நிலம் முழுதையும் ஒளியூட்ட மாபெரும் மின்தேக்கிகளை விமானத்துக்குள் அடுக்கினார். 1944 ஜூனில் நார்மண்டிக் கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்குவதற்கு முந்தைய இரவில் இக்கருவி அப்பகுதியைப் படமெடுத்தது. ஆனால் ஒரு மின்னலுக்கும் அடுத்ததற்கும் இடையே சில விநாடிகள் காத்திருக்க வேண்டும்.

ஒரே மனிதர், ஒரே தத்துவம். மேசைமேல் வைத்தது விநாடிக்குப் பல முறை மின்னியது. விமானத்தில் ஏற்றியது சில விநாடிக்கு ஒரு முறை. மேசை விளக்குக்குச் சிறு ஆற்றல், விமான விளக்குக்குப் பேராற்றல். சிறியதைப் பல முறை, பெரியதைச் சில முறை. இரண்டையும் ஒருங்கே பெற வழியில்லை என்பதுதான் இக்கதை முழுதும் ஓடும் விதி.

கணக்கு என்ன சொல்கிறது?

இப்போது மாணவனின் பிளாஷுக்கு வருவோம். இத்தகைய விளக்கில் ஏறத்தாழ 1000 மைக்ரோஃபாரட் கொண்ட மின்தேக்கி, சுமார் 300 வோல்ட்டுக்கு மின்னூட்டப்படுவதாகக் கொள்வோம். மின்தேக்கியில் சேமித்த ஆற்றல், மின்தேக்குத்திறனையும் மின்னழுத்தத்தின் இருமடியையும் பெருக்கி வருவதில் பாதி என்று படித்திருக்கிறோம். கணக்கிட்டால் 45 ஜூல் வரும். இந்த 45 ஜூலும் செனான் வாயுக் குழல் வழியே ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு விநாடியில் பாய்கிறது. அந்தக் கணத்தில் திறன் 45 கிலோவாட்! ஒரு சிற்றூரின் தெருவிளக்குகள் அத்தனையையும் எரிக்கக் கூடிய அளவு, உள்ளங்கையில் அடங்கும் பெட்டியிலிருந்து.

இது எங்கிருந்து வருகிறது? நான்கு சிறு மின்கலங்களிலிருந்து. ஒவ்வொன்றும் 1.2 வோல்ட், சேர்ந்து 4.8 வோல்ட். சுமார் 5 ஆம்பியர் எடுத்தால் 24 வாட். குறைந்த மின்னழுத்தத்தை 300 வோல்ட்டாக உயர்த்தும் சுற்றில் ஒரு பங்கு வெப்பமாகப் போய்விடும். மிஞ்சுவது 15 வாட் என்று வைத்துக்கொள்வோம். அதாவது விநாடிக்கு 15 ஜூல். 45 ஜூல் நிரம்ப மூன்று விநாடி. மாணவனின் முதற்படம் ஏன் பளிச்சென்றது, மற்றவை ஏன் கறுத்தன, கடைசிக்கு அருகில் ஒன்று ஏன் மங்கலாகத் தெரிந்தது என்பதற்கு இதுவே விடை. முதல் மின்னலில் தொட்டி காலி. பாதிக்கு மேல் நிரம்பிய பின் மற்றொரு முறை மின்னியது, மறுபடி காலி.

அரங்குகளில் கூடைப்பந்து ஆட்டத்தைப் படமெடுக்கும் அமெரிக்க விளையாட்டுப் படக்காரர்கள், கூரையில் பெரிய மின்தேக்கிகளுடன் பிளாஷ் விளக்குகளைக் கட்டிவிடுவதுண்டு. கையில் அதிவேகக் கேமரா இருந்தும் அவர்கள் தொடர்ந்து சுடுவதில்லை. தொட்டி நிரம்பச் சில விநாடி ஆகும் என்பதால், பந்து வளையத்தை எட்டும் அந்த ஒரு கணத்துக்காகக் காத்திருந்து ஒரே ஒரு படம் எடுப்பார்கள்.

மிச்சம் பிடித்த தைரிஸ்டர்

1959இல் வந்த நிகான் எஃப் கேமராவுடன் மோட்டாரை இணைத்து விநாடிக்கு மூன்று படம்போல எடுக்கலாம் என்றாயிற்று. பிளாஷ் என்ன செய்வது? ஒரு வழி, மின்தேக்கியை விரைவாக நிரப்புவது. தோளில் தொங்கும் பெட்டியில் சில நூறு வோல்ட் தரும் மின்கல அடுக்கைச் சுமந்தார்கள். இன்னொரு வழி, உள்ளதைச் சிக்கனமாகச் செலவிடுவது.

1960களின் நடுவில் அமெரிக்காவின் ஹனிவெல் நிறுவனம் தானியங்கி பிளாஷை வெளியிட்டது. பொருளிலிருந்து திரும்பி வரும் ஒளியை ஓர் உணர்வி அளந்து, போதும் என்றதும் மின்னலை அணைத்துவிடும். ஆனால் தொடக்கக் கருவிகளில், மீந்த ஆற்றலை மற்றொரு குழலில் பாய்ச்சி வீணடித்தார்கள். தண்ணீர் போதும் என்றால் குழாயை மூடாமல், வாய்க்காலை வேறு பக்கம் திருப்பிவிட்டது போலாயிற்று. 1970களில் தைரிஸ்டர் என்ற குறைகடத்திச் சாவி வந்தது. அது பாயும் மின்னோட்டத்தையே நடுவில் துண்டித்தது. எட்டில் ஒரு பங்கு செலவானால், எட்டில் ஏழு பங்கு மின்தேக்கியிலேயே தங்கியது. அடுத்த படத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை! தொடர்படத்துக்குப் பிளாஷைத் துணையாக்கியது இந்தச் சிறு சாவிதான்.

ஷட்டரும் ஒரு தடை

இடையில் ஷட்டரைப் பற்றியும் ஒரு சொல். இத்தகைய கேமராக்களில் இரண்டு திரைகள் ஒன்றையொன்று துரத்தும். வேகம் மிகுந்தால் முதல் திரை முழுதும் திறக்குமுன் இரண்டாம் திரை மூடத் தொடங்கிவிடும். ஒரு பிளவு மட்டுமே படத்தின் குறுக்கே ஓடும். அப்போது மின்னினால் படத்தில் ஒரு பட்டை மட்டும் ஒளி பெறும். எனவே 1/200, 1/250 விநாடி போன்ற எல்லையைத் தாண்டக் கூடாது. 1986இல் ஒலிம்பஸ் நிறுவனம், பிளவு ஓடி முடியும்வரை மிக விரைவாகத் துடிக்கும் பிளாஷைக் கொண்டுவந்து இதைத் தாண்டியது. ஆனால் துடிக்கும் ஒளியின் பெரும் பகுதி மூடிய திரையில் விழுந்து வீணாகும். சிக்கனம் வேண்டிய இடத்தில் இது செலவு.

திரையே இல்லாமல் மின்னணு முறையில் இயங்கும் ஷட்டரில் படம் வரிசை வரிசையாக வாசிக்கப்படுவதால் இதே இடையூறு உண்டு. பல கேமராக்கள் அம்முறையில் பிளாஷை இயங்கவே விடுவதில்லை. 2023இல் சோனி அறிமுகப்படுத்திய கேமரா ஒன்று எல்லாப் புள்ளிகளையும் ஒரே கணத்தில் பதிவு செய்கிறது. விநாடிக்கு 120 படம் எடுக்கிறது. ஷட்டர் தடை நீங்கியது. ஆனால் நம் 15 வாட்டை 120ஆல் வகுத்துப் பாருங்கள்: படத்துக்கு எட்டில் ஒரு ஜூல்! கேமரா எவ்வளவு முன்னேறினாலும் ஆற்றலின் கணக்கு அசைவதில்லை.

மாணவனுக்குச் சொன்ன விடை

"அப்படியானால் விநாடிக்குப் பத்துப் படம் பிளாஷில் முடியவே முடியாதா, சார்?" என்றான் அவன்.

"முடியும். புல் செய்ததையே நீயும் செய்" என்றேன்.

விநாடிக்கு 15 ஜூல் வரவு, பத்துப் படம் செலவு, படத்துக்கு 1.5 ஜூல். பிளாஷின் திறனை 1/32 என்று வைத்தால் ஒவ்வொரு மின்னலுக்கும் 1.4 ஜூல் போதும். வரவும் செலவும் சமம். ஆனால் ஒளி 32இல் ஒரு பங்காகும். ஒளிச்செறிவு தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், முழுத் திறனில் 10 மீட்டர் எட்டிய பிளாஷ் இப்போது 1.8 மீட்டரே எட்டும். சிலம்பக்காரரின் கழிக்கு அவ்வளவு அருகில் நிற்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்!

இங்கேதான் டிஜிட்டல் உணர்வி கைகொடுக்கிறது. கேமராவின் ஒளி உணர்திறனை 100இலிருந்து 3200க்கு உயர்த்தினால் அது 32 மடங்கு. இழந்த 32 மடங்கு திரும்பி வந்தது. மறுபடி 10 மீட்டர். படத்தில் சற்றுப் பொரிப்பொரியாகத் தோன்றும். மேடை விளக்கின் ஒளியும் சேர்ந்து கழிக்குப் பின்னால் மெல்லிய நிழல் தொடரும். ஆனால் ஓர் ஆதாயமும் உண்டு. திறன் குறையும்போது மின்னலின் நேரமும் குறைகிறது. விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வரும் கழி நுனி, ஆயிரத்தில் ஒரு விநாடி மின்னலில் 2 செ.மீ. நகரும், பத்தாயிரத்தில் ஒரு விநாடியில் 2 மி.மீ. மட்டுமே. படம் கூர்மையாகும்.

இரண்டு எச்சரிக்கைகளையும் சேர்த்துச் சொன்னேன். ஓயாமல் மின்னினால் குழலும் முன்கண்ணாடியும் கடுமையாகச் சூடேறும். இடையிடையே ஓய்வு தர வேண்டும். அதைவிட முக்கியமானது, பழைய பிளாஷை எக்காரணத்தாலும் பிரிக்கக் கூடாது. மின்கலங்களை எடுத்த பிறகும் மின்தேக்கியில் 300 வோல்ட் நெடுநேரம் தங்கியிருக்கும். அந்த 45 ஜூல் உடலின் வழியே பாய்ந்தால் உயிருக்கே ஆபத்து. லேடன் ஜாடியைத் தொட்டு அதிர்ந்துபோன மூசென்புரூக்கின் அனுபவம் யாருக்கும் வேண்டாம்.

சில வாரம் கழித்துச் சிலம்பப் பயிற்சி நடந்த மாலையில் அவன் மறுபடி படமெடுத்தான். பத்துப் படங்கள் வரிசையாக என் மேசைமேல் கிடந்தன. முதற்படத்தில் கழி தலைக்கு மேலே. பத்தாம் படத்தில் முழங்காலுக்குக் கீழே. ஒன்றுகூடக் கறுப்பில்லை. அவற்றை அவன் இப்போது கோணமானியால் அளந்து, கழியின் கோணத் திசைவேகம் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறான்.

உங்களிடமும் கேமரா இருக்கலாம். அடுத்த முறை பிளாஷ் மின்னிய பின், தயார் என்று காட்டும் சிறு விளக்கு எரிய எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண் தெரிந்தால், எவ்வளவு ஒளியில் எத்தனை படம் எடுக்கலாம் என்பதை நீங்களே கணக்கிட்டுவிடலாம்.